பெயரறியா நோயும் அதன் பெயரறியும் நெறியும்

உடல்நலத்தின் அருமை அதனை இழந்த பின்னரே விளங்கும் என்பர். இழந்த நலம் இன்ன காரணத்தால் இழக்கப்பட்டதென்று தெரியுமாயின் துன்பத்தின் ஒரு பாதி அப்பொழுதே நீங்கிவிடுகின்றது. குளிர்காய்ச்சல் கண்ட ஒருவன், 'இது மலேரியா' என்று மருத்துவர் கூறக் கேட்டவுடன், கைக்கும் மருந்தையும் மன அமைதியோடு உண்கின்றான். ஆனால், நோய் இருக்கின்றது, பெயர் தெரியவில்லை என்னும் நிலையில் மாதங்களையும் ஆண்டுகளையும் கழிப்போர் நம்மிடையே உளர். அன்னார் படும் பாடு நோயினால் மட்டும் வருவதன்று, ஐயத்தினாலும் வருவது, தம்மைச் சூழ்ந்தோர் நம்பாமையினாலும் வருவது.

ஒரு மாணவியை மனக்கண்முன் நிறுத்திப் பார்ப்போம். வயது பத்தொன்பது. வைகறையில் எழுந்தால் விரல்கள் விறைத்து நிற்கின்றன; எழுதுகோலைப் பிடிக்க ஒரு மணி நேரம் ஆகின்றது. நண்பகலில் அவ்விறைப்புத் தளர்ந்துவிடுகின்றது. ஆதலால் வகுப்பில் அவளைக் காண்போர்க்குக் குறையொன்றும் தோன்றுவதில்லை. வாயின் மேலண்ணத்தில் நோவில்லாத புண். சீவும்பொழுதெல்லாம் கொத்தாக உதிரும் தலைமயிர். வெயிலிற் சென்று வந்தால் கன்னங்களிற் செம்மை. எவ்வளவு உறங்கினும் தீராத அயர்ச்சி. தோழியர் சோம்பல் என்றனர். வீட்டார் கண்விழித்துப் படித்ததன் பயன் என்றனர். ஒரு மருத்துவர் இரத்தசோகை என்று இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தார். இரண்டாமவர் தேர்வச்சம் என்றார். மூன்றாமவர் சோதனைத்தாளைப் புரட்டிப் பார்த்து, 'ஒன்றுமில்லை' என்று அனுப்பிவிட்டார். மூன்றாம் ஆண்டில் அவள் கால்கள் வீங்கின.

இம்மாணவி எம் கற்பனையே. எனினும் அவள் நடந்த வழி உலகெங்கும் பலர் நடந்து தேய்ந்த வழியாகும். அவ்வழியிற் சரியான பெயரைக் கண்டடைவது எங்ஙனம் என்பதே இக்கட்டுரையின் பொருள். யாம் மருத்துவரல்லேம். ஆயினும், ஒரு முடிவுக்கு வருமுன் எவ்வகைச் சான்று எவ்வளவு வேண்டும் என்னும் வினா கல்லூரியிற் பயில்வார் யாவர்க்கும் உரியதாதலின் இதனை எழுதத் துணிந்தாம்.

1. காவலனே வீட்டைத் தாக்குதல்

நம் குருதியிலுள்ள வெள்ளணுக்களும் அவை உண்டாக்கும் எதிர்ப்பொருள்களும் உடலுக்குக் காவலாக அமைந்தவை. வெளியிலிருந்து புகும் நுண்ணுயிர்களை இவை அறிந்து அழிக்கின்றன. இக்காவலின் சிறப்பு, வலிமையில் மட்டும் இல்லை. தன்னவர் இன்னார், பிறர் இன்னார் என்று பகுத்தறிவதில் இருக்கின்றது. அப்பகுப்பிற் பிழை நேர்ந்து, காவலனே வீட்டாரைத் தாக்கத் தொடங்குவானாயின் அதன் விளைவே தன்னுடல் தாக்குநோய் எனப்படுவது.

இவ்வாறும் நிகழக்கூடும் என்பதை அறிவுலகம் எளிதில் ஏற்கவில்லை. ஜெர்மனி நாட்டுப் பேரறிஞர் பால் எர்லிக் என்பார், 1900ஆம் ஆண்டையொட்டி, ஓர் ஆட்டின் குருதியை மற்றோர் ஆட்டிற்குச் செலுத்திப் பார்த்தார். ஏற்ற ஆடு, பிற ஆடுகளின் குருதியணுக்களை அழிக்கும் பொருளை உண்டாக்கிற்று. தன் அணுக்களை அழிக்கும் பொருளை உண்டாக்கவில்லை. தனக்குத் தானே நஞ்சாவதற்கு உடல் அஞ்சுகின்றது என்று அவர் இதற்கு இலத்தீனில் ஒரு பெயரிட்டார். அவர் சொல்லின் எடையால், உடல் தன்னைத் தாக்குதல் இயலாதென்றே பின்வந்தோர் பலர் கொண்டனர்.

அக்கருத்து நெடுங்காலம் நின்றது. ஜப்பானிய மருத்துவர் ஹகாரு ஹஷிமோட்டோ, 1912இல் நான்கு பெண்களின் கழுத்திலுள்ள தைராய்டுச் சுரப்பி வீங்கி வெள்ளணுக்களால் நிறைந்திருந்ததை விவரித்தெழுதினார். காரணம் மட்டும் விளங்கவில்லை. 1956இல் அமெரிக்காவில் நோயல் ரோஸ், எர்னஸ்ட் விடெப்ஸ்கி ஆகியோர் முயல்களிடத்தும், இலண்டனில் ஐவன் ராய்ட், டெபோரா டோனியாக் முதலியோர் அந்நோயாளரின் குருதியிடத்தும், தைராய்டைத் தாக்கும் எதிர்ப்பொருள்களைக் கண்டனர். நோயை விவரித்த நாளுக்கும் அதன் காரணம் விளங்கிய நாளுக்கும் இடையே நாற்பத்து நான்கு ஆண்டுகள் கழிந்தன. அறிவியலுக்கே இத்துணைக் காலம் ஆயிற்று என்றால், ஒரு நோயாளியின் பெயர் தேடும் பயணம் நீளுவதில் வியப்பில்லை.

இன்று இவ்வினத்திற் பல நோய்கள் அறியப்பட்டுள்ளன. சில ஓர் உறுப்பை மட்டும் தாக்குவன: ஹஷிமோட்டோ நோய் தைராய்டையும், இளம்பருவத்தில் பெரும்பாலும் தொடங்கும் முதல்வகை நீரிழிவு கணையத்தையும் தாக்கும். சில பல உறுப்புக்களிலும் பரவுவன: சரவாங்கி எனப்படும் முடக்குவாதமும், கண்ணையும் வாயையும் உலரச் செய்யும் ஷோகிரன் நோயும், லூப்பஸ் என்பதும் அத்தகையன. ஓர் உறுப்பைத் தாக்கும் நோய்க்குப் பெயர் காண்பது ஓரளவு எளிது. பல உறுப்புக்களிற் பரவுவனவே மருத்துவரை மயங்கவைப்பன. ஆதலின் லூப்பஸ் ஒன்றையே எடுத்துக்காட்டாகக் கொண்டு மேலே செல்வோம்.

2. பல வேடம் பூணும் நோய்

லூப்பஸ் என்னும் இலத்தீன் சொல் ஓநாயைக் குறிக்கும். முகத்தில் உண்டாகும் புண், ஓநாய் கடித்தது போலிருந்தமையால் பண்டை மருத்துவர் இப்பெயரை இட்டனர் என்பர். நெடுங்காலம் இது தோல்நோயென்றே எண்ணப்பட்டது. 1872இல் வியன்னா நகரத்து மருத்துவர் மோரிட்ஸ் கபோசி, இது தோலோடு நில்லாமல் உடல் முழுவதும் பரவி உயிருக்கும் இறுதி செய்யக்கூடும் என்று காட்டினார். பின்னர் வில்லியம் ஆஸ்லர், 1895 முதல் எழுதிய கட்டுரைகளில், இவ்வினத்து நோய்களில் தோலில் யாதொரு அடையாளமும் இல்லாத காலத்தும் உள்ளுறுப்புக்கள் தாக்கப்படலாம் என்பதை எடுத்துரைத்தார்.

இந்நோய் மூட்டில் தோன்றினால் வாதம் போலும், நுரையீரலின் உறையில் தோன்றினால் காசம் போலும், குருதியில் தோன்றினால் சோகை போலும், மூளையில் தோன்றினால் மனநோய் போலும் காட்சியளிக்கும். சிறுநீரகத்தில் தோன்றினாலோ, தொடக்கத்தில் ஒன்றுமே தோன்றுவதில்லை, நோவில்லை, காய்ச்சலில்லை, சிறுநீரில் புரதம் மட்டும் கசியும். இதுவே மிகவும் அஞ்சத்தக்கது.

மற்றொன்றும் உண்டு. இது மிகுவதும் தணிவதுமாக இருப்பது. திங்கட்கிழமை கன்னங்களில் வண்ணத்துப்பூச்சி சிறகு விரித்தாற்போன்ற செம்மை காணும். மருத்துவரைப் பார்க்கக் குறித்த வியாழக்கிழமை அது மறைந்திருக்கும். நோயாளி கூறுவதும் மருத்துவர் காண்பதும் ஒவ்வாமற் போக, குற்றம் நோயாளியின் மனத்தின்மேல் ஏற்றப்படுகின்றது. நோயுற்றோரில் பத்தில் ஒன்பது பேர் பெண்கள். அவருட் பெரும்பாலோர் பதினைந்துக்கும் நாற்பத்தைந்துக்கும் இடைப்பட்ட அகவையினர். இளம்பெண்ணின் அயர்ச்சியை 'மனக்குழப்பம்' என்று தள்ளிவிடும் வழக்கமும் இதனோடு சேர்ந்தால், பெயரறியும் நாள் மேலும் தள்ளிப்போதல் கண்கூடு.

3. ஓர் எழுத்தாளர் வரலாறு

இங்ஙனம் கூறியவற்றை விளக்க ஒரு வரலாறு கூறுவோம். ஃபிளானரி ஓ'கானர் என்பார் அமெரிக்க நாட்டின் தென்பகுதியாகிய ஜார்ஜியா மாகாணத்தில் 1925இல் பிறந்தவர். சிறுகதையாசிரியர்களுள் முதல்வரிசையில் வைத்தெண்ணப்படுபவர். அவர் தந்தையார் லூப்பஸ் நோயால் 1941இல் உயிர் நீத்தார். மகளுக்கு அப்பொழுது வயது பதினைந்து.

1950ஆம் ஆண்டின் இறுதியில், கனெக்டிகட் மாகாணத்தில் நண்பர் இல்லத்தில் தங்கித் தம் முதல் புதினத்தை எழுதிக்கொண்டிருந்தார். தட்டெழுதும்பொழுது கைகள் கனத்து மேலெழ மறுத்தன. அங்கே பார்த்த மருத்துவர் முடக்குவாதமாக இருக்கலாமென்று ஐயுற்று, ஊருக்குச் சென்றதும் நன்கு சோதித்துக்கொள்ளுமாறு கூறினார். அவ்வையம் அந்நிலையில் அறிவுக்குப் பொருந்தாததன்று. மூட்டு நோவு மட்டுமே அப்பொழுது கண்முன் இருந்தது. ஆனால் கிறிஸ்துமஸ் விடுமுறைக்காகப் புகைவண்டியில் ஜார்ஜியாவுக்குச் செல்லும் வழியிலேயே நோய் முற்றிவிட்டது. வண்டியைவிட்டு இறங்கிய இருபத்தைந்து வயது மங்கை, முதியவள் போலக் காணப்பட்டார். கடுங்காய்ச்சலோடு மருத்துவமனையிற் சேர்க்கப்பட்டார். அட்லாண்டா நகரத்து மருத்துவர் ஆர்தர் மெரில், நோயின் குறிகளைத் தொலைபேசியிற் கேட்டே லூப்பஸாக இருக்கலாம் என்று ஐயுற்றார்; பின்னர்த் தம் பார்வையில் வைத்து மருத்துவம் செய்தார். ஏ.சி.டி.எச். என்னும் இயக்குநீர் மருந்து அக்காலத்தேதான் வழக்கிற்கு வந்திருந்தது. அதனாலும், குருதி ஏற்றியமையாலும் அவர் பிழைத்தார்.

இங்கே நாம் கருதத்தக்கது ஒன்று உண்டு. மருத்துவர் நோயின் பெயரைத் தாயாரிடம் மட்டும் கூறினார். கணவரை அந்நோய்க்கே பறிகொடுத்த அத்தாயார், மகள் மனமுடைந்து போவாளென்று அஞ்சி அதனை மறைத்தார். தமக்கு வந்தது முடக்குவாதமே என்ற எண்ணத்தில் ஓ'கானர் ஒன்றரை ஆண்டு வாழ்ந்தார். 1952ஆம் ஆண்டுக் கோடையில், சாலி ஃபிட்ஸ்ஜெரால்டு என்னும் தோழியார் உண்மையைச் சொல்லிவிட்டார். செய்தி கொடியதே, ஆயினும் ஓ'கானர் தோழியாருக்கு நன்றி கூறினார். தம் அறிவே தடுமாறுகின்றதோ என்று அதுவரை உள்ளூர ஐயுற்றிருந்ததாகவும், அதனினும் உடல்நோய் மேலென்றும் அவர் கூறியதாகத் தோழியார் தெரிவித்துள்ளார்.

பெயரறிந்த பின்னர் அவர் வாழ்க்கையை அந்நோய்க்கேற்ப அமைத்துக்கொண்டார். மில்லெட்ஜ்வில் என்னும் ஊரையடுத்த பண்ணையில் தாயாரோடு தங்கினார், மயில்களை வளர்த்தார், காலைப்பொழுதை எழுத்துக்கென்று ஒதுக்கி, எஞ்சிய பொழுதில் ஓய்ந்தார், ஊன்றுகோல்களின் துணையால் நடந்தார். 1955இல் ஒரு சிறுகதைத் தொகுதியும் 1960இல் இரண்டாம் புதினமும் வெளியிட்டார். 1964இல், முப்பத்தொன்பதாம் அகவையில், சிறுநீரகம் செயலற்று உயிர்நீத்தார். நோய் அவரை வென்றது உண்மையே. ஆனால் இடைப்பட்ட பன்னிரண்டு ஆண்டுகளைத் தாம் எதனோடு போராடுகின்றோம் என்று தெரிந்தே அவர் கழித்தார்.

4. ஆய்வுக்கூடத்தின் சொல்லை அளந்து கேட்டல்

அக்காலத்தில் இந்நோயைத் துணிவதற்குக் கருவிகள் மிகச் சிலவே இருந்தன. 1948இல் அமெரிக்காவின் மேயோ மருத்துவமனையில் மால்கம் ஹார்கிரேவ்ஸும் உடனுழைத்தோரும், இந்நோயாளரின் எலும்பு மச்சையில், மற்றோர் அணுவின் கருவை விழுங்கி நிற்கும் ஒருவகை வெள்ளணுவைக் கண்டனர். அதுவே லூப்பஸை ஆய்வுக்கூடத்தில் அறிவதற்குக் கிடைத்த முதல் வாயில். 1957இல், ஒளிவீசும் சாயத்தைக் கொண்டு அணுக்கருவைத் தாக்கும் எதிர்ப்பொருளைக் கண்ணாற் காணும் முறை வகுக்கப்பட்டது. இன்று ஏ.என்.ஏ. என்று வழங்கும் சோதனை அதன் வழிவந்ததே. நோயாளியின் குருதிநீரை மேன்மேலும் நீர்க்கச் செய்து, கண்ணாடித் தகட்டிலுள்ள அணுக்களின்மீது ஊற்றி, எத்துணை நீர்த்த பின்னும் ஒளி தோன்றுகின்றது என்று பார்ப்பர். எண்பதில் ஒரு பங்காக நீர்த்த பின்னும் ஒளி தோன்றின் அதனை 1:80 என்று குறிப்பர்.

இச்சோதனையில் ஒளி தோன்றியது என்று தாளிற் கண்டவுடன் நடுங்குவோரும், தோன்றவில்லை என்று கண்டவுடன் எல்லா நோயும் நீங்கிற்றென்று கொள்வோரும் உளர். இரண்டும் பிழை. 1997இல் பல நாட்டு ஆய்வுக்கூடங்கள் கூடிச் செய்த ஆராய்ச்சியில், நலமுள்ளோரிடத்திலேயே 1:40 என்னும் அளவில் நூற்றுக்கு முப்பதுக்கு மேற்பட்டோர்க்கும், 1:80 அளவில் 13 பேர்க்கும், 1:160 அளவில் 5 பேர்க்கும், 1:320 அளவில் 3 பேர்க்கும் ஒளி தோன்றிற்று.

இதன் பொருளைக் கணக்கிட்டுக் காண்போம். நோயின் குறி யாதுமில்லாத இரண்டாயிரம் பேரை எடுத்துக்கொள்வோம். அவருள் ஒருவருக்கு லூப்பஸ் இருப்பதாக வைத்துக்கொள்வோம். எல்லார்க்கும் சோதனை செய்தால் அவ்வொருவர்க்கும் ஒளி தோன்றும். மற்றவருள் ஏறத்தாழ 260 பேர்க்கும் தோன்றும். ஆக, ஒளி தோன்றிய 261 பேரில் நோயாளர் ஒருவரே. எஞ்சிய 260 பேர் வீணே உறக்கம் இழப்பர்.

இனி, வேறொரு நூறு பேரை எடுத்துக்கொள்வோம். இவரெல்லார்க்கும் கன்னச் செம்மையும் மூட்டு வீக்கமும் சிறுநீரிற் புரதமும் உள்ளன. தேர்ந்த மருத்துவர் பார்த்து, இவருட் பாதிப்பேர்க்கு லூப்பஸ் இருக்கலாமென்று மதிப்பிடுகின்றார். அந்த ஐம்பதின்மரில் 49 பேர்க்கு ஒளி தோன்றும்; மற்ற ஐம்பதின்மரில் ஆறேழு பேர்க்குத் தோன்றும். இப்பொழுது ஒளி தோன்றியவரில் பத்துக்கு ஏறக்குறைய ஒன்பது பேர் நோயாளரே. பிற நோய்களாலும் ஒளி தோன்றுதல் உண்டாதலின் இக்கணக்குச் சற்று மாறலாம். ஆயினும் அடிப்படை மாறாது. சோதனை ஒன்றே, அதன் விடையும் ஒன்றே, பொருளோ வேறு. இவ்வேறுபாட்டை உண்டாக்கியது யாது? சோதனைக்கு முன்னர் மருத்துவர் கேட்ட கேள்வியும், தொட்டுப் பார்த்த கையுமே அன்றோ!

ஒளி தோன்றாமையின் பொருளும் இவ்வாறே. லூப்பஸ் உற்றோரில் நூற்றுக்குத் தொண்ணூற்றேழு எட்டுப் பேர்க்கு ஒளி தோன்றுமாதலின், தோன்றாவிடின் லூப்பஸ் அன்று என்பது பெரும்பாலும் துணிபு. ஆனால் அது, 'நோயே இல்லை' என்பதாகாது. கேட்ட வினாவுக்கு மட்டுமே சோதனை விடை கூறும். கேளாத வினாவுக்குக் கூறாது.

அடுத்த படியாக வேறு சில எதிர்ப்பொருள்களைத் தேடுவர். இரட்டையிழை டி.என்.ஏ.வைத் தாக்குவது ஒன்று. 1966இல் கண்டறியப்பெற்று, ஒரு நோயாளியின் பெயரால் ஸ்மித் என்று வழங்குவது மற்றொன்று. இவை நலமுள்ளோரிடம் அரிதாகவே காணப்படுமாதலின் இருப்பின் வலிய சான்றாகும். ஆனால் நோயாளர் பலரிடத்தில் இவை இல்லாமலும் போம். இவற்றையெல்லாம்விட எளியதும் மலிவானதும் மறக்கப்படுவதும் சிறுநீர்ச் சோதனையே. நம் கற்பனை மாணவிக்குக் கால் வீங்குமுன் ஒருமுறை அது செய்யப்பட்டிருக்குமாயின் அவள் வரலாறு வேறாக இருந்திருக்கும்.

5. ஒத்துத் தோன்றுவனவும் காலத்தின் துணையும்

மூட்டு நோவும் அயர்ச்சியும் உடையார்க்கெல்லாம் தன்னுடல் தாக்குநோய் என்று முடிவு கட்டுதலும் ஆகாது. நம் நாட்டில் 2006ஆம் ஆண்டிற் பெருவாரியாகப் பரவிய சிக்குன்குனியாக் காய்ச்சல், பின்னும் பல மாதங்கள் மூட்டுக்களை வருத்துவது பலரும் பட்டறிந்தது. காசநோயும் தொழுநோயும் இவ்வேடத்தைப் புனைய வல்லன. தைராய்டு சுரப்புக் குறைவும் இரத்தசோகையும் அயர்ச்சிக்குப் பொதுவான காரணங்கள். காசத்திற்கு உண்ணும் ஐசோனியாசிட் முதலிய சில மருந்துகளே லூப்பஸ் போன்றதொரு நிலையை உண்டாக்குவதும், அம்மருந்தை மருத்துவர் நிறுத்தியபின் அது மறைவதும் உண்டு. ஆதலின் ஒவ்வொன்றாக விலக்கிக்கொண்டே செல்லுதல் வேண்டும்.

ஐரோப்பிய, அமெரிக்க மூட்டுவாத மருத்துவர் கழகங்கள் 2019இல் லூப்பஸுக்கு ஓர் அளவுகோல் வகுத்தன. ஏ.என்.ஏ. 1:80 அளவிலேனும் தோன்றியிருத்தல் நுழைவாயில். அதன்பின் காய்ச்சலுக்கு 2, மூட்டு வீக்கத்திற்கு 6, சிறுநீரிற் புரதத்திற்கு 4 என்றிவ்வாறு மதிப்பெண் கூட்டி, 10 எய்தின் லூப்பஸ் என்று வகுப்பர். இஃது ஆராய்ச்சிக்கு நோயாளரை வகைப்படுத்த எழுந்தது. தனி ஒருவருக்குப் பெயரிட எழுந்ததன்று. மதிப்பெண் எட்டே பெற்ற நோயாளிக்கும் நோய் நோயே, மருந்தும் வேண்டப்படலாம்.

சிலர்க்கு, எத்துணை ஆராய்ந்தும் இன்ன நோயென்று கூற இயலாத நிலை நிற்கும். அத்தகையோர்க்கு, 'இன்னும் தெளிவாகவில்லை, மூன்று மாதம் சென்று மீண்டும் பார்ப்போம், இடையில் இன்ன குறி தோன்றினால் உடனே வாருங்கள்' என்று கூறும் மருத்துவர் அறியாதவர் அல்லர், நேர்மையாளர். 'ஒன்றுமில்லை' என்பதற்கும், 'இன்னும் தெரியவில்லை' என்பதற்கும் உள்ள வேறுபாடு பெரிது. முன்னது கதவை அடைக்கும், பின்னது திறந்துவைக்கும்.

6. நோயாளி செய்யத்தக்கன

பெயர் தேடும் முயற்சியில் நோயாளியும் ஒரு பங்காளியே. அவர் செய்யத்தக்கன சில கூறுவோம்.

முதலாவது, நாட்குறிப்பு. இன்ன நாளில், இன்ன மூட்டில், காலையில் இத்துணை நேரம் விறைப்பு. வெயிலிற் சென்றபின் இன்ன மாற்றம். குளிரில் விரல்கள் வெளுத்து நீலமாகிச் சிவந்தனவா என்றிவற்றைச் சுருக்கமாக எழுதிவைத்தல் வேண்டும். 'எப்பொழுதும் வலி' என்பதைக் காட்டிலும், 'ஆறு வாரமாக, இரு கைகளிலும், விடியலில் ஒரு மணி நேரம்' என்பது மருத்துவருக்கு ஆயிரம் மடங்கு பயன்படும்.

இரண்டாவது, மறையும் குறிகளைப் பிடித்துவைத்தல். கன்னச் செம்மையும் மூட்டு வீக்கமும் தோன்றும் நாளிலேயே கைப்பேசியாற் படமெடுத்து வைத்தால், வியாழக்கிழமை வரும் ஐயத்திற்குத் திங்கட்கிழமையின் சான்று விடை கூறும்.

மூன்றாவது, குடும்ப வரலாறு. பெற்றோர், உடன்பிறந்தோர், பாட்டிமார் ஆகியோர்க்குத் தைராய்டு, முடக்குவாதம், லூப்பஸ் முதலியன உண்டாவெனக் கேட்டறிதல் வேண்டும். ஓ'கானரின் தந்தையார் வரலாற்றை நினைவு கூர்க.

நான்காவது, எல்லாச் சோதனைத்தாள்களையும் நாள்வரிசையாக ஒரே கோப்பிற் கட்டி எடுத்துச்செல்லுதல். ஒவ்வொரு மருத்துவரும் ஒரு துண்டையே காண்பாராயின் முழு உருவம் யார்க்கும் தோன்றாது.

ஐந்தாவது, பெயர் சொல்லாமல் தரப்படும் ஊசியையும் பொடியையும் ஏற்காமை. ஸ்டீராய்டு கலந்த மருந்து இரண்டு நாளில் நோவைப் போக்கும்; கூடவே நோயின் அடையாளங்களையும் அழித்துவிடும். களவு நடந்த வீட்டைத் துப்பறிவோர் வருமுன் கழுவிவிடுதல் போன்றது அது. முன்னரே உண்டு வருவோர் திடுமென நிறுத்துதலும் தீங்கு. மருத்துவரிடம் உள்ளபடி கூறுதலே தக்கது.

ஆறாவது, கால் வீக்கம், நுரைக்கும் சிறுநீர், மார்பு நோவு, மூச்சுத் திணறல், வலிப்பு, அறிவு மயக்கம் ஆகியவற்றுள் ஒன்று தோன்றினும் குறித்த நாளுக்காகக் காத்திராது உடனே மருத்துவமனைக்குச் செல்லுதல். மற்றவற்றிற்குப் பொறுமை நன்று. இவற்றிற்கு விரைவே நன்று.

7. மறைத்தலும் அறிவித்தலும்

இறுதியாக ஒன்று கூறி முடிப்போம். பெயர் கண்டபின்னும் அதனை நோயாளிக்கு மறைக்கும் வழக்கம் ஜார்ஜியாவோடு நின்றதன்று. நம் இல்லங்களிலும் உண்டு. பெண்ணுக்கு நீங்கா நோய் என்று வெளியே தெரிந்தால் மணம் தடைப்படுமே என்று அஞ்சும் பெற்றோர் பலர். சிலர் மகளுக்கே மறைக்கின்றனர். சிலர் ஊரார் காண்பரென்று மருத்துவமனைக்கே அழைத்துச் செல்லத் தயங்குகின்றனர். அன்பினால் எழும் இச்செயல் அன்பின் பயனைத் தருவதில்லை.

என்னை? லூப்பஸ் ஆறு மாதமேனும் அடங்கியிருக்கும் காலத்தில், மருத்துவர் கண்காணிப்பிற் கருவுறும் பெண்களிற் பெரும்பாலோர் நலமே மகப்பேறு அடைகின்றனர். ஆனால் இந்நோய்க்குத் தரும் மருந்துகளுட் சில கருவைக் கெடுப்பன. அவற்றைப் பல வாரங்களுக்கு முன்னரே மாற்றியாகல் வேண்டும். தன் நோயின் பெயரறியாத பெண் இதனைச் செய்வது எங்ஙனம்? மறைத்த பெயர் மணப்பந்தலைக் காக்கலாம், மணமகளைக் காவாது.

பெயரைக் கேட்டு அஞ்சிய காலமும் பெரும்பாலும் கழிந்தது. 1950களில் லூப்பஸ் கண்டோரில் ஏறக்குறையப் பாதிப்பேரே ஐந்தாண்டு உயிர் வாழ்ந்தனர். இன்று நல்ல மருத்துவ வசதி உள்ள இடங்களில் நூற்றுக்குத் தொண்ணூறு பேர்க்கு மேல் அக்காலத்தைக் கடந்து வாழ்கின்றனர். மலேரியாவுக்கென வந்த மருந்தின் இனமாகிய ஹைட்ராக்சிகுளோரோகுயின் இன்று இந்நோயாளர் பெரும்பாலோர்க்கு அடிப்படை மருந்து. இந்நலமெல்லாம் பெயரை உரிய காலத்தில் அறிந்தோர்க்கே கிட்டுவது. சிறுநீரகம் கெட்டபின் அறிந்தோர்க்கு அத்துணை எளிதன்று.

நம் கற்பனை மாணவியிடம் திரும்புவோம். அவளைச் சோம்பேறி என்ற தோழி, 'காலையில் எத்துணை நேரம் விரல் விறைக்கின்றது?' என்று கேட்டிருக்கலாம். வீட்டார் அவள் சொல்லைக் குறித்து வைத்திருக்கலாம். மூன்றாம் மருத்துவர், 'இன்னும் தெரியவில்லை' என்று கூறியிருக்கலாம். இம்மூன்றில் ஒன்று நிகழ்ந்திருப்பினும் அவள் தனியே நடந்திராள். நோயாளியின் சொல், மருத்துவரின் கை, ஆய்வுக்கூடத்தின் அளவு, காலத்தின் போக்கு என்னும் நான்கும் கூடியே ஒரு நோய்க்குப் பெயர் தருகின்றன. அவற்றுள் முதலாவது நோயாளியின் சொல். அதனைக் கேட்பதற்கு மருத்துவப் பட்டம் வேண்டுவதில்லை. நம் பக்கத்து இருக்கையில் அமர்ந்திருப்பார் கூறுவதை நம்பிக் கேட்கும் நெஞ்சம் ஒன்றே வேண்டும். அந்நெஞ்சம் நம் மாணவர் யாவர்க்கும் வாய்ப்பதாக.